பொன்னாடையை மடித்து வையுங்கள், கூலியை எண்ணி வையுங்கள்

(கல்முனையில் இசைக் கலைஞர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எனக்குப் போர்த்தப் பொன்னாடை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். பொன்னாடையைக் கொடுத்து எந்தக் கடையிலும் அரிசி வாங்க முடியாது. நான் புகழ் பேச வரவில்லை, கணக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பொத்துவிலில் ஒரு கல்யாண வீடு, 80,000 ரூபாய்க்குப் பேசியாயிற்று. சவுண்ட் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் 35,000. மருதமுனையிலிருந்து வேனும் டீசலும் 13,000. மிச்சம் 32,000. கீபோட், கிட்டார், பேட், தபேலா, பாடகர்கள், அறிவிப்பாளர் என்று எட்டுப் பேர். ஆளுக்கு 4,000! ஒத்திகை பார்த்த இரவுகளுக்கும், விடியச் சாமம் வீடு திரும்பி மறுநாள் படுத்துக் கிடப்பதற்கும் சேர்த்துத்தான் இந்த 4,000. அதிலும், "தம்பி, பத்தாயிரம் குறையுது, பிறகு பார்ப்பம்" என்கிறார் வீட்டுக்காரர். சஹன் சோறு ஆக்கியவருக்குப் "பிறகு பார்ப்பம்" இல்லை. பந்தல்காரருக்கு இல்லை. வீடியோக்காரருக்கு இல்லை. பாட்டுக்காரனுக்கு மட்டும் ஏன்?

சரி, இந்த 4,000கூட மாதம் முழுக்கக் கிடைக்கிறதா? நவம்பரிலும் டிசம்பரிலும் இந்தக் கரையில் அடை மழை. திறந்த வெளியில் மேடை போட ஏலாது. பெரும்போகம் அறுத்து, வட்டையிலிருந்து நெல் வந்து, கையில் காசு புழங்குவது பெப்ரவரி, மார்ச்சில். அப்போதுதான் நமக்கும் நாலு நிகழ்ச்சி. ஆனால் ரமழான் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகருகிற மாதம். 2025இல் மார்ச்சில் நோன்பு பிடித்தோம், 2026இல் பெப்ரவரியிலேயே தலைப்பிறை. அறுவடைக் காசும், மேடை ஏறாத நோன்பு மாதமும் ஒரே நேரத்தில் வருகிற காலம் இது. நோன்பு நம் கடமை, அதில் பேச்சில்லை. மேடை இல்லாத மாதத்துக்கும் சேர்த்துத்தான் மேடை உள்ள மாதத்தின் கூலி இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இந்தக் கரை பட்டதையும் எண்ணிப் பாருங்கள். 2004இல் சுனாமி. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாலு பேர் கூடவே அஞ்சினோம். 2020இல் ஊரடங்கு. 2022இல் டீசலும் இல்லை, கரண்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் நின்றது மேடை, கடைசியாக எழும்பியதும் மேடை.

"இசையே கூடாது, இதில் கூலி வேறா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொள்கை அவர்களுக்கு. கூடாது என்று நம்புகிறவர் நம்மைக் கூப்பிட வேண்டாம், அது நேர்மை. கூப்பிட்டுப் பாட வைத்து, நடுச்சாமம் வரை கைதட்டி, காசு கேட்கும்போது மட்டும் மார்க்கம் பேசுகிறாரே, அவரோடுதான் எனக்கு வழக்கு. கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற நபிமொழி நம் மத்ரஸாப் பிள்ளைக்கும் மனப்பாடம். அதில் பாட்டுக்காரன் நீங்கலாக என்று எங்கே இருக்கிறது?

இந்த மண்ணுக்கு இசை புதிதுமில்லை. கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரில் கொடியேறினால் பக்கீர் பாவாமாரின் றபான் கேட்கும். களிகம்புக்கும் பொல்லடிக்கும் தாளம் தந்தது இந்தக் கரை. சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்த பாடகர் முகைதீன் பேக் 1991இல் மறைந்தார். வெசாக் பந்தல்களில் அந்த முஸ்லிமின் குரல் இன்றும் ஒலிக்கிறது. அயலவர் கொண்டாடிய தொழிலை நாம் "சும்மா பொழுதுபோக்கு" என்கிறோம்!

அரசாங்கத்திடமும் கேட்கிறேன். விவசாயிக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டம் வந்தது. கடையில் நிற்கும் பொடியனுக்கு ஊழியர் சேமலாப நிதியில் முதலாளி நூற்றுக்கு 12 கட்ட வேண்டும். நமக்கு முதலாளியே கிடையாது, ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வீடு. டிக்கெட் வைத்து நிகழ்ச்சி போட்டால், 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிச் சட்டத்துக்கு மட்டும் நம்மைத் தெரிகிறது! 60 வயது தாண்டினால் கலாபூஷணம் விருது தருவார்கள். தரட்டும், மதிக்கிறேன். முப்பது வயதில் கிட்டாரை அடகு வைத்தவன் அறுபது வரை எதைத் தின்று காத்திருப்பான்?

இப்போது உங்களிடம் வருகிறேன், தம்பிமாரே. கோபிக்க வேண்டாம். ஒருவன் 80,000 பேசினால் அடுத்தவன் போன் எடுத்து 50,000க்கு வருகிறேன் என்கிறான். இன்னொருவன் காரியோக்கிப் பெட்டியோடு 15,000க்குப் போகிறான். வீட்டுக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? நமது விலையை இறக்கியது நாம்தானே!

ஆகவே நாலு தீர்மானம். ஒன்று, தொகை, நேரம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்து. இரண்டு, பாதிக் காசு முற்பணம், மீதி கடைசிப் பாட்டுக்கு முன். மூன்று, நாம் பாடுவதை நம்மைக் கேளாமல் பேஸ்புக்கில் நேரலை விடக்கூடாது. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் பாடகனுக்கும் வாத்தியக்காரனுக்கும் உரிமை கொடுத்திருக்கிறது, அதைக் கேட்டு வாங்குவோம். நாலு, 1996இல் சட்டம் போட்டு உண்டாக்கிய சமூகப் பாதுகாப்புச் சபையில் சுயதொழில் செய்வோர் ஓய்வூதியத்தில் சேரலாம். பிரதேச செயலகத்துக்குத் தனித்தனியாகப் போகாமல் சங்கமாகப் போவோம்.

அடுத்த தேர்தலுக்குப் பிரசாரப் பாட்டுக் கேட்டு வேட்பாளர்கள் வருவார்கள். "ஊருக்காகப் பாடு தம்பி" என்பார்கள். ஊருக்காகப் பாடுவோம், காசு வாங்கிக்கொண்டு பாடுவோம். கல்யாண வீடானாலும் கட்சி மேடையானாலும் ஒரே சட்டம்: கையில் தாள் இல்லையா, மைக்கில் பாட்டு இல்லை!