உன் தந்தை எங்கே பிறந்தார்?

(மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாடாண்டவர்களின் வரலாற்றை நாம் நிறையக் கேட்டுவிட்டோம். இன்று, மலைநாட்டுத் தோட்டமொன்றிலே 1931ஆம் ஆண்டிற் பிறந்த ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவளைப் போன்றோர் பல்லாயிரவர். ஆகவே பெயரின்றியே பேசுவோம்.

1931 எத்தகைய ஆண்டு? டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இந்நாட்டுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த ஆண்டு. அவ்வாண்டிற் பிறந்தவள் இருபத்தொரு வயதை எய்தியது 1952இல். அப்போதும் பொதுத்தேர்தல் நடந்தது. அவளுக்கு வாக்கில்லை!

ஏன்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைப் புரட்டுங்கள். அவள் இம்மண்ணிற் பிறந்ததையும் இம்மண்ணிற் கொழுந்து பறித்ததையும் அச்சட்டம் பொருட்படுத்தவில்லை. “உன் தந்தை எங்கே பிறந்தார்?” என்றே கேட்டது. தந்தையோ திருச்சிராப்பள்ளிச் சீமையிற் பிறந்து, கங்காணியோடு வந்தவர். தாய் எங்கே பிறந்தாள் என்று கேட்பாரில்லை. மணமுடித்த பெண் தன் பிரசாவுரிமையைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கவும் வழியில்லை. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்கையும் பிரசாவுரிமையோடு முடிச்சிட்டது. சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு காக்கும் என நம்பி வழக்காடினார்கள்; 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அச்சட்டங்கள் செல்லும் என்றது. சட்டம் பயின்ற நமக்கு அத்தீர்ப்பைப் படிக்குந்தோறும் நெஞ்சு கசக்கின்றது.

விண்ணப்பித்துப் பெறலாம் என்றார்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின; கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. பல்லாண்டு தொடர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று வேண்டுமாம்! லயத்து அறையிலே அதை எந்தப் பெட்டகத்தில் வைத்துக் காப்பது?

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டன. மாட்டுப்பட்டியைப் பங்கிடும்போதும் பால்குடிக் கன்றைத் தாயோடு விடுவது நம் கமக்காரர் வழக்கம். தலைமன்னார்த் துறையிலோ மகன் கப்பலேற, தாய் கரையில் நின்றாள்.

நாம் என்ன செய்தோம்? காணி உறுதி பெட்டியிலே பத்திரமாயிருந்த வடக்குக் கிழக்குத் தமிழரிற் பலர், “அது தோட்டத்தார் வழக்கு” என்று முகந்திருப்பினோம். 1977 வன்செயலின் பின் அவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தபோது, கூலிக்கு ஆள் கிடைத்தது என்று மகிழ்ந்தோரும் நம்மில் உண்டு. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் பலருக்கு உரிமை தந்தன. எஞ்சியோருக்கு 2003இலேதான் வழி திறந்தது. தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை செல்லும் என்ற திருத்தமும் அவ்வாண்டிலேயே வந்தது. 1931இற் பிறந்தவளுக்கு அப்போது வயது எழுபத்திரண்டு.

உரிமை வந்தும் பிறப்புப் பதிவில்லாமல், அடையாள அட்டையில்லாமல் இருக்கும் முதியோர் உங்கள் ஊரிலும் இருக்கலாம். கூட்டம் கலையுமுன் அவர்கள் பெயரையும் இருப்பிடத்தையும் எழுதி நம்மிடம் தாருங்கள். பத்திரங்களை நாமே எழுதித் தருவோம், கட்டணம் வேண்டாம்.