கடன் வேறு, கடமை வேறு



மனைவியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். இல்லாள், மனையாள், அகமுடையாள் என்னும் இச்சொற்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வீடு அடங்கியிருக்கிறது. இல் என்பதும் வீடு. மனை என்பதும் வீடு. அகம் என்பதும் வீடுதான். இல்லாள் என்றால் இல்லத்துக்கு உரியவள். அச்சொல்லையே ஆண்பாலில் இல்லான் என்று சொல்லிப் பாருங்கள்; ஒன்றும் இல்லாதவன் என்று பொருள் மாறிவிடும். இவ்வாறு நம் மொழி வீட்டைப் பெண்ணுக்கே எழுதிவைத்திருக்கிறது. ஆனால், சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகங்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் வேறு.

நான் எண்ணிப் பார்க்கச் சொல்லும் மற்றொரு சொல் கடன். பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவர் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். ஒரே சொல் இரண்டு பொருளையும் தாங்கி நிற்பதால் இல்லறத்தில் ஒரு குழப்பம் நேர்கிறது. கணவன் வாங்கிய கடனைத் தீர்ப்பது மனைவியின் கடமை என்று அவளும் நம்புகிறாள்; ஊரும் நம்புகிறது; கடன் கொடுத்தவர் அந்த நம்பிக்கையை நன்கு பயன்படுத்திக்கொள்கிறார். இவை இரண்டும் வெவ்வேறு என்பதை நான் சட்டப் புத்தகத்தில் கற்கவில்லை. என் தமக்கையாரின் வீடு ஏலம்போனபோதுதான் கற்றேன்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், முற்றமும் மூன்று அறைகளும் கொண்ட ஓட்டு வீடு அது. தமக்கையாரின் திருமணத்தின்போது எங்கள் தந்தையார் 1974ஆம் ஆண்டில் அவர் பெயருக்கே தான செட்டில்மெண்டாக எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். அத்தான் நெல் வாணிகம் செய்தவர். குடியும் சூதும் அறியாதவர், உழைப்பாளி. சொந்தமாக லாரி வாங்கினால் வாணிகம் பெருகும் என்று நம்பியதைத் தவிர வேறு குற்றம் அவர்மீது சொல்ல இயலாது. லாரிக்குப் பணம் வேண்டியிருந்தது. 1985ஆம் ஆண்டில், வீட்டை ஈடாக வைத்து நாற்பதாயிரம் ரூபாய் வாங்க ஏற்பாடாயிற்று. வீடு தமக்கையார் பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்து இன்றியமையாததாயிற்று.

நான் அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்திருந்த இளைஞன். தமக்கையார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பத்திரத்தை என் கையில் கொடுத்து, “தம்பி, நீ படித்தவன். பார்த்துச் சொல்லு” என்றார். ஏழு பக்கங்கள். முதற்பக்கத்தில் தொகையைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இடும் இடத்தைப் பார்த்தேன். மாலைப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அக்கா. போடு” என்றேன்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இந்த நாற்பதாயிரத்துக்கு மட்டுமன்றி, இனிமேல் அத்தான் அவரிடம் வாங்கும் தொகைகளுக்கும் அவ்வீடே ஈடு என்றும், செலுத்தாத வட்டி முதலோடு சேர்ந்து வட்டி பெறும் என்றும் அதில் எழுதியிருந்தது. அத்தான் பின்னர் இரண்டு முறை பணம் வாங்கினார். லாரி நின்றது, வட்டி நிற்கவில்லை. 1991ஆம் ஆண்டில் வீடு ஏலத்தில் போயிற்று. தமக்கையார் என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அதில் அப்படியா எழுதியிருந்தது, தம்பி?”

வீடு போன பின்னும் தொல்லை தீரவில்லை. அத்தான் வேறு மூவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துத் தனியே பணம் வாங்கியிருந்தார். அவர்களுள் ஒருவர் வந்து வாயிலில் நின்று உரத்த குரலில் பேசினார். தமக்கையார் மானத்துக்கு அஞ்சித் தம் எட்டுப் பவுன் நகையை விற்று அவர் கடனை அடைத்தார். அடுத்தவர் வந்தபோதுதான் நான் விழித்துக்கொண்டு, நகரத்திலிருந்த முதிய வழக்கறிஞர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். வழக்கறிஞர் மூன்றே கேள்விகள் கேட்டார். சொத்து யார் பெயரில் இருக்கிறது? கடன் சீட்டில் யார் கையெழுத்து இருக்கிறது? அந்தக் கடனுக்கு ஈடாக எந்தச் சொத்தைக் காட்டியிருக்கிறது? விடைகளைக் கேட்டபின், “அம்மா, இது உங்கள் கடன் அன்று. நீங்கள் ஒரு காசும் தரவேண்டியதில்லை. விற்ற நகையையும் விற்றிருக்க வேண்டியதில்லை” என்றார். அந்த மூன்று கேள்விகளையே இன்று உங்களுக்குப் பாடமாக வைக்கிறேன்.

முதற்கேள்வி, சொத்து யார் பெயரில் என்பது. நம் நாட்டுப் பொதுச்சட்டப்படி, திருமணம் ஆன அளவிலேயே ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பங்கு பிறப்பதில்லை. கோவாவில் போர்த்துகீசியர் காலத்துக் குடிமைச் சட்டத்தின் வழியாகக் கணவன் மனைவிக்குக் கூட்டுடைமை உண்டு. மற்றையோருக்கு, அவரவர் சொத்து அவரவருடையதே. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் உடைமையில் உள்ள சொத்துக்குப் பொதுவாக அவளே முழு உரிமையாளர் என்று கூறிற்று. அதற்கு முன்னர்ப் பெண்கள் பல சொத்துக்களை வாழ்நாள் வரை அனுபவிக்கலாமேயன்றித் தம் விருப்பப்படி விற்கவோ கொடுக்கவோ முடியாது. சீதனமாக வந்த நகையும் பொருளும் மனைவிக்கே உரியவை, அவை கணவனிடம் இருந்தாலும் அவன் அவற்றைக் காக்கும் பொறுப்பாளன் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டில் தெளிவுபடுத்திற்று. ஆகவே, கணவன் பட்ட கடனுக்காக மனைவியின் வீட்டையோ நகையையோ ஜப்தி செய்யக் கடன்காரருக்கு உரிமை இல்லை. மனைவி பட்ட கடனுக்கும் கணவனைப் பொறுத்து இதுவே பொதுவிதி.

வீடு கணவன் பெயரில் இருந்தால் நிலை மாறும். அவன் கடனுக்கு அவ்வீட்டைக் கடன்காரர் நீதிமன்றத்தின் வழியே பற்றலாம். மனைவி அங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தாள் என்பதனால் மட்டும் அது அவளுடையது ஆகிவிடாது. ஆயினும், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு ஒரு பெருந்துணை அளித்திருக்கிறது. குடும்பமாகச் சேர்ந்து வாழும் வீட்டில், பத்திரம் தன் பெயரில் இல்லாவிடினும், தங்கியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. சட்டத்தின் வழியன்றிக் கணவனோ அவன் வீட்டாரோ அவளை வெளியேற்ற இயலாது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் இவ்வுரிமை பொருந்தக்கூடும் என 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், குடியிருக்கும் உரிமை வேறு, உடைமை வேறு என்பதை மறவாதீர்கள். வீட்டின்மேல் முறையாக ஏற்பட்டுள்ள அடமானத்தை இவ்வுரிமை அழித்துவிடாது.

இரண்டாவது கேள்வி, யார் கையெழுத்து என்பது. இதுவே மூன்றிலும் பெரியது. கணவனின் கடன் தன் கடன் அன்று என்று சட்டம் அவளுக்கு எழுப்பிக் கொடுத்த மதிலை அவளுடைய கையெழுத்து ஒரு நொடியில் இடித்துவிடும். ஜாமீன் கையெழுத்தை வெறும் சடங்கு என்று பலர் எண்ணுகின்றனர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவோ, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பும் ஜாமீன்தாரருக்கு உண்டு என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி இதற்கு விலக்கில்லை. கடன்காரர் முதலில் ஜாமீன்தாரரிடமே வரலாம். வங்கிக் கடனில் இணைக் கடனாளி என்று கையெழுத்திட்டால் முழுத் தொகைக்கும் பொறுப்பு உண்டு. வெறும் சாட்சியாகக் கையெழுத்திடுவது மட்டும் ஒருவரைக் கடனாளி ஆக்காது.

இக்காலத்தில் இன்னொன்றையும் காண்கிறோம். மகளிர் குழுக்களுக்குக் கிடைக்கும் கடனை மனைவியின் பெயரில் வாங்கிக் கணவன் செலவிடுகிறான். பணம் எவர் கைக்குப் போனாலும், சட்டத்தின் பார்வையில் அது வாங்கியவளின் கடனே. அங்கே ‘இது என் கடன் அன்று’ என்று சொல்ல அவளுக்கு இயலாது.

மூன்றாவது கேள்வி, ஈடு எது என்பது. ஈடாக வைத்த வீட்டின்மேல் கடன் கொடுத்தவருக்கு முதலுரிமை உண்டு. சென்னை முதலிய நகரங்களில், கடனுக்கு ஈடாகும் கருத்துடன் வீட்டின் மூலப்பத்திரத்தை ஒப்படைப்பதனாலேயே அடமானம் உண்டாகிவிடும். வங்கியாயின், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, அதற்குள் பணம் கட்டாவிடில் நீதிமன்ற வழக்கு இல்லாமலே வீட்டைக் கைப்பற்ற முற்படலாம். அந்நடவடிக்கையை எதிர்க்க விரும்புவோர் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகவேண்டும். சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. அறிவிப்பைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, நாள் கடந்த பின் அழுது பயனில்லை.

கணவன் இறந்துவிட்டால்? அவன் சொத்தை அடைந்தவர்கள் அச்சொத்தின் அளவுக்கே அவன் கடனுக்குப் பொறுப்பாவர். அதற்கு மேல் தம் சொந்தக் கையிலிருந்து தரவேண்டியதில்லை. தந்தையின் கடனை மகன் தீர்ப்பது அறக்கடமை என்னும் பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டின்படி, அக்கடனுக்காக மகன்மேல் வழக்குத் தொடர முன்பு இடம் இருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பட்ட கடன்களுக்கு அந்தக் கோட்பாட்டைக் காட்டி வழக்குத் தொடர முடியாது.

கடன்காரரின் மிரட்டலுக்கு அஞ்சுவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். பணக்கடன் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்வதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு தடுக்கிறது. சமையற் பாத்திரம், படுக்கை, உடுக்கும் துணி, சமய வழக்கப்படி பெண் கழற்றலாகாத தாலி போன்ற அணி ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது என்று 60ஆம் பிரிவு கூறுகிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று எந்தப் பெண்ணும் தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைத் தந்திருக்கிறது. மாவட்டந்தோறும் அதற்கு அலுவலகம் உண்டு.

கடனில் மூழ்கிய பின் வீட்டை அவசரமாக மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால் தப்பலாம் என்று சிலர் அறிவுரை கூறுவர். கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்துடன் செய்த மாற்றத்தை அவர்கள் வேண்டினால் நீதிமன்றம் செல்லாததாக்கும். நேர்வழி வேறு இருக்கிறது. 1874ஆம் ஆண்டு மணமான பெண்டிர் சொத்துச் சட்டத்தின்படி, மனைவி மக்கள் நலனுக்கென்று குறித்து ஒருவர் ஆயுள் காப்பீடு எடுத்தால், அத்தொகையில் அவருடைய கடன்காரர்கள் கைவைக்க முடியாது. அவர்களை ஏமாற்றுவதற்காகவே எடுத்தது என்று மெய்ப்பித்தாலன்றி அந்தக் காவல் நீங்காது. நல்ல காலத்தில் செய்யவேண்டிய காவல் இது.

அப்படியானால், துன்புறும் கணவனை மனைவி கைவிட்டுவிட வேண்டும் என்கிறேனா? இல்லை. தமக்கையார் அத்தானைக் கைவிடவில்லை. வாடகை வீட்டில் இட்டிலி விற்று அவரையும் பிள்ளைகளையும் காப்பாற்றினார். அது அவர் விரும்பி ஏற்ற கடமை. அதை எவரும் புரோநோட்டில் எழுதி வாங்கவில்லை. உதவுவது அன்பின் பாற்பட்டது. ஆனால் எதற்குக் கையெழுத்திடுகிறோம், எவ்வளவு இழக்கக்கூடும் என்பதை அறிந்து உதவவேண்டும். கணவனும் தன் கடன்களை மனைவியிடம் மறைக்கலாகாது. மறைத்த கடன் வெளிப்படும் நாளில், பணத்தோடு நம்பிக்கையும் போய்விடுகிறது.

மாணவ மாணவியரே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த விடுமுறையில் பெற்றோரிடம் கேட்டு, உங்கள் வீட்டுப் பத்திரத்தை ஒருமுறை முழுதும் படியுங்கள். யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் எவரேனும் கையெழுத்திடக் காகிதம் வந்தால், நீங்கள்தான் படித்தவர்கள் என்று அதை உங்கள் கையில் கொடுப்பார்கள். அப்போது பேருந்துக்கு நேரமாயிற்று என்று எண்ணாதீர்கள்.

தமக்கையாருக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. மகன் வீட்டில் இருக்கிறார். எந்தக் காகிதம் வந்தாலும், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் பேத்தியை அருகில் அழைத்து உட்கார வைத்துக்கொள்கிறார். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படிக்கிறாள். புரியாத இடத்தில் பாட்டி நிறுத்தச் சொல்கிறார். இருவருக்கும் புரியும்வரை கையெழுத்து இல்லை. சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது, அந்த வாசிப்பை நானும் உடனிருந்து கேட்டேன். இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை.