நோட்டுப் புத்தகத்துக்கு முன்னால் ஒரு வரைபடம்

(அறக்கட்டளையின் கல்வி ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஜூன் பிறந்தால் நோட்டுப் புத்தகம், பரிசளிப்பு, கட்டண உதவி என்று நம் கல்விப் பணி தொடங்கிவிடும். அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்ல பணிகள். நீங்கள் தரும் ஜகாத்தும் ஸதகாவும் எங்கள் கையில் அமானிதம். எந்த ரூபாய் எந்தப் பிள்ளையை எங்கே கொண்டு சேர்த்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு உதவும் ஓர் எளிய முறையைப் பற்றி இன்று பேசுகிறோம்.

இதன் பெயர் 'டிரைவர் டயகிராம்'. தமிழில் உந்துகாரணி வரைபடம் எனலாம். மருத்துவமனைகளில் சிகிச்சையை மேம்படுத்தப் பயன்பட்ட இது, பிறகு கல்விக்கும் வந்தது. ஒரு தாளில் இடது ஓரத்தில் நோக்கத்தை எழுதுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள். அடுத்து, அந்த நோக்கத்தை நகர்த்தும் பெரிய காரணங்கள் நாலைந்து. அதற்கடுத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருக்கும் சின்னக் காரணங்கள். வலது ஓரத்தில் நாம் செய்யப்போகும் வேலைகள். எல்லாவற்றையும் கோடு போட்டு இணையுங்கள். எந்தக் கோட்டிலும் சேராத வேலை இருந்தால், அதை எதற்காகச் செய்கிறோம் என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் கார்னகி கல்வி அறக்கட்டளை இதைச் செய்து பார்த்தது. அங்கே சமுதாயக் கல்லூரிகளில் கணக்கில் பின்தங்கிச் சேரும் மாணவர்களில், ஓராண்டுக்குள் கல்லூரிக் கணிதம் தேறியவர்கள் சுமார் 5 விழுக்காடுதான். அதை 50 ஆக்குவது என்று நோக்கம் எழுதினார்கள். காரணங்களைத் தேடியபோது பாடத்தோடு வேறு பலவும் வந்தன. அடுக்கடுக்கான முன்பாடங்கள், ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள். 'எனக்குக் கணக்கு வராது' என்ற எண்ணம். பாடப் புத்தகத்தின் மொழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றம் செய்து 2011இல் புதிய வகுப்புகளைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டிலேயே புள்ளிவிவரப் பாட வழியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தேறினார்கள்.

வரைபடம் என்ற பெயர் இல்லாமலே நம் மாநிலத்திலும் இப்படி நடந்திருக்கிறது. ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வராததற்குத் தூரம், பசி, உடை என்று பல காரணங்கள் இருந்தன. காமராஜர் ஆட்சியில் நடக்கும் தூரத்தில் பள்ளி வந்தது; 1956இல் மதிய உணவு வந்தது; சீருடையும் வந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊர் மக்களே தங்கள் பள்ளிக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள். சோறு மட்டும் போட்டிருந்தால் தூரத்துப் பிள்ளை வந்திருக்காது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதே பசிக் கோட்டின் நீட்சிதான்.

இனி ஸ்ரீமுஷ்ணத்துக்கு வருவோம். 'நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும்' என்பது துஆ. நோக்கம் இப்படி இருக்கட்டும்: வருகிற மார்ச்சில் பிளஸ் டூ எழுதித் தேறும் நம் ஜமாஅத்துப் பிள்ளைகள் அனைவரும், ஆணாயினும் பெண்ணாயினும், ஆகஸ்ட் 31க்குள் ஒரு மேற்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும்.

இதை நகர்த்தும் காரணங்களாக நாங்கள் ஐந்தை எழுதியிருக்கிறோம்.

ஒன்று, தகவல். விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் அரசு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விண்ணப்பத் தேதி போன பிறகு தெரிந்து பயனில்லை.

இரண்டு, சான்றிதழ். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்று கையில் இல்லாவிட்டால் அது நமக்கு இல்லை. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்றும் அப்படியே.

மூன்று, பணம். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. இவை போகக் குறைவதற்குத்தான் நம் நிதி.

நான்கு, பயணம். விருத்தாசலம் சுமார் 20 கிலோமீட்டர், சிதம்பரம் சுமார் 40. மாலையில் மகள் எந்த பஸ்ஸில், யாரோடு திரும்புவாள் என்பது பெற்றவர்களின் நியாயமான கேள்வி.

ஐந்து, வீட்டின் சம்மதம். நான்காவது கோடு சரியானால் பல வீடுகளில் ஐந்தாவது தானாகவே இளகும்.

இப்போது வேலைகளைப் பாருங்கள். ஏப்ரலில் இ-சேவை மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது இரண்டாவது கோட்டில் சேரும். ஒரே கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் சேர்ந்து போக வைப்பது நான்காவதில். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஆனால் ஒரு வருடப் படிப்பு வீணாகாமல் காக்கக்கூடியவை.

இந்த வரைபடம் எங்கள் ஊகம்தான். ஆகவே முதலில் ஐந்து வீடுகளில் செய்து பார்ப்போம். ஏப்ரல் கடைசியில் எத்தனை பேர் கையில் மூன்று சான்றும் இருக்கின்றன என்று எண்ணுவோம். தவறிய கோட்டை அழித்து வேறு போடுவோம்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பின் இதே இடத்தில் தாளை விரித்து வைப்போம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் அவசியம் வாருங்கள். தாய்மார்களும் வர வேண்டும். உங்கள் வீட்டில் எந்தக் கோடு தடுக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும்; பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், ஆகஸ்ட் 31 அன்று அந்தத் தாளைப் பார்த்துக் கணக்குச் சொல்வோம்.

வஸ்ஸலாம்.