கடல் கடந்து தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு

(யூபிலி விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியேற்றம், சப்பரம், அசனம் என்று நம் மனம் ஓடுவது இயல்பு. அவற்றுக்கு நடுவே, பிறநாட்டுக்குத் தொண்டு செய்யப் போக விரும்பும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை சொல்ல எங்களை அழைத்திருக்கிறீர்கள். நன்றி.

கடல் தாண்டி வந்தவர்களைப் பற்றிக் கயத்தாற்றுக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மனை இந்த ஊர்ப் புளியமரத்தில் தூக்கிலிட்டவர்களும் கடல் தாண்டி வந்தவர்கள்தாம். அதே கடலைத் தாண்டித்தான் 1542-இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1547-இல் அண்டிரிக் அடிகளார் வந்து, தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார். நமக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த வீரமாமுனிவரைச் சொல்லவே வேண்டாம். ஆக, கப்பல் ஏறுவதில் பெருமை ஒன்றும் இல்லை. எதற்காக ஏறினான், இறங்கிய இடத்தில் எப்படி நடந்துகொண்டான் என்பதே கேள்வி.

வந்தவர்களை நாம் நன்றாக அறிவோம். நம் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுப் போன ஒருவரை அவ்வளவாக நினைப்பதில்லை. அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

யோசேப் வாஸ் அடிகளார் 1651-இல் கோவாவில் பிறந்தவர். வெள்ளைக்காரர் அல்லர், கொங்கணி பேசும் இந்தியர். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் தங்கள் ஆட்சி நடந்த பகுதிகளில் கத்தோலிக்கக் குருக்கள் இருக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். பூசை வைக்கவும், சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவும் ஆளில்லை என்ற செய்தி கோவாவுக்குப் போயிற்று. போ என்று யாரும் இவருக்கு உத்தரவு போடவில்லை. தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. 1687-இல் யோவான் என்ற துணையாளுடன் பிச்சைக்காரர் கோலத்தில் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்.

போய் இறங்கியதும் பிரசங்கம் செய்தார் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். யோவானும் நோயில் விழுந்தான். ஊருக்கு வெளியே கிடந்த இவர்களுக்கு ஒரு பெண்மணி கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள். ஊழியம் செய்யப் போனவர் முதலில் பிறர் கைக் கஞ்சியைக் குடித்துத்தான் பிழைத்தார். வெளிநாடு போகும் பிள்ளைகள் இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு விமானம் ஏறுகிறோம். முதல் ஆறு மாதம் வாங்கிக்கொள்வதுதான் நடக்கும். தண்ணீர் எங்கே பிடிப்பது, எந்தப் பேருந்தில் ஏறுவது, பெரியவர்கள் முன்னால் எப்படி உட்காருவது எல்லாம் அவர்கள் சொல்லித் தரவேண்டும். அதற்கு வெட்கப்படுகிறவன் போகவேண்டாம்.

பிறகு கழுத்தில் பெரிய செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறதோ அவரே கிறிஸ்தவர் என்று கண்டுகொண்டார். தமிழ் கற்றார். 1692-இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீசிய உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். அங்கே சும்மா இருக்கவில்லை, சிங்களம் கற்றார். சிறைவாசத்தை மொழிப் பள்ளியாக்கிக்கொண்டவரை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை! 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தக்காரர்களே நோயாளிகளை விட்டு ஓடியபோது, இவரும் இவர் மருமகன் கார்வாலோ அடிகளாரும் மதம் பார்க்காமல் நோயாளிகளைக் கவனித்தார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். பௌத்த அரசரின் நல்லெண்ணம் அதனால் வளர்ந்தது. பிரசங்கத்தால் வரவில்லை பாருங்கள்.

1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியிலேயே இறந்தார். கோவாவுக்குத் திரும்பவே இல்லை. 2015 சனவரி 14-ஆம் நாள் கொழும்பில் பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

இந்தக் காலத்தில் பிச்சைக்காரர் வேடம் தேவையில்லை. நம் பெண்பிள்ளைகள் பலர் கன்னியர் சபைகள் மூலமாக ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செவிலியராகவும் ஆசிரியையாகவும் போகிறார்கள். சபை சேராதவர்களுக்கும் வழி உண்டு. 1970-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொண்டர் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. அதில் சம்பளம் கிடையாது. வாழ்க்கைப்படி மட்டும் உண்டு. ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்கிறோம்: அந்தத் திட்டத்தில் சேர யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. தொண்டர் விசா வாங்கித் தருகிறேன், இவ்வளவு லட்சம் கொடு என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பேச்சை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டுக்குப் போகிறவர்கள் அரசு அங்கீகரித்த இடத்தில் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். பயணத்துக்கு முந்தின நாள் ஓடிப் பயனில்லை.

இனி, போகாமல் ஊரில் இருக்கப்போகும் நமக்கு. வாஸ் அடிகளார் ஏறக்குறைய பத்து ஆண்டு அந்த நாட்டில் தனி ஒரு குருவாக அலைந்தார். அதற்குப் பிறகுதான் கோவாவிலிருந்து தோழர்கள் வந்து சேர்ந்தார்கள். யோவான் மட்டும் கூட இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும்! வழியனுப்பும் நாளில் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம்; ஆறு மாதத்தில் மறந்துவிடுகிறோம். போன பிள்ளைக்குச் சம்பளம் இல்லை என்றால் இங்கே தாய் தகப்பனுக்குப் பணம் வராது என்று அர்த்தம். வளைகுடாவுக்குப் போன பிள்ளை வீடு கட்டுகிறான், தொண்டுக்குப் போனவன் வீட்டில் ஓடு ஒழுகுகிறது. இதைப் பார்த்துக்கொண்டு, அடுத்த பிள்ளையும் போகட்டும் என்று எந்தத் தாய் சொல்லுவாள்?

ஆகையால் பங்குப் பேரவைக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். யூபிலி நிதியில் மிச்சம் எவ்வளவு நின்றாலும், அப்படிப் போகிறவர்களின் பெற்றோருக்கு மருத்துவச் செலவுக்கென்று ஒரு பகுதியை எடுத்து வையுங்கள். புரட்டாசியில் மழை விழுந்ததும் கரிசல் காட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் விதைப்பு. அந்த வாரத்தில் அவர்கள் காட்டுக்கும் ஒரு ஏரோ டிராக்டரோ முதலில் போகும்படி அன்பியங்கள் பேசி வைத்துக்கொள்ளட்டும். எந்த அன்பியம் எந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் என்பதை அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உட்கார்ந்து எழுதிவிடலாம்.