கூடிப் பேசினோம், என்ன முடிவெடுத்தோம்?

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி இளம் வணிகர்களுக்காக நடைபெற்ற நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





"வேலையிடத்தில் கூட்டம் நடத்துவது எப்படி?" என்று பேசச் சொன்னார்கள். நான் பெரிய நிர்வாகி அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகம் பயின்று டிப்ளோமா பெற்றவன். வாப்பா நடத்திய வெங்காயம், பூண்டு, மிளகாய் மொத்த வியாபாரத்தை இப்போது நடத்தி வருகிறேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் வேலை செய்கிறோம். ஆகவே புத்தகத்தில் படித்ததைச் சொல்லப் போவதில்லை. நான் சரியாக நடத்தாத ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. வெங்காய ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்துவிட்டது என்ற செய்தி வந்தது. எங்கள் கிடங்கில் அன்று 400 மூட்டை இருந்தது. அடுத்த சரக்கு எப்போது, எந்த நாட்டிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. இதே போன்ற தடை 2019 செப்டம்பரிலும் 2020 செப்டம்பரிலும் வந்தது. அப்போது வாப்பா இருந்தார்கள். அவர்கள் கூட்டமெல்லாம் போட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே யார் யாருக்கு எத்தனை மூட்டை என்று மனக்கணக்காகச் சொல்லி, வரிசையாகப் போன் போடுவார்கள். 2022இல் வாப்பா மவுத்தானார்கள். அந்த மனக்கணக்கும் அவர்களோடு போய்விட்டது.

நான் படித்தவனல்லவா? ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்கு எல்லாரையும் கிடங்கில் கூட்டினேன். அஸர் பாங்கு சொல்லும் வரை பேசினோம். விலை எவ்வளவு ஏறும், பாகிஸ்தான் வெங்காயம் வருமா, சீன வெங்காயம் நம் பிரியாணிக்கு ஒத்துவருமா என்று ஆளுக்கொரு கருத்து. அதில் பாதி நேரம் பேசியது நான்தான். பாங்கு கேட்டதும், "சரி, எல்லாரும் கவனமா இருங்க" என்று சொல்லி எழுந்துவிட்டேன். நல்ல கூட்டம் நடத்திவிட்டோம் என்ற திருப்தி வேறு!

மறுநாள் காலை, புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளர் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தார். விற்பனையில் இருந்த தம்பி ஒரே ஆளுக்கு 250 மூட்டையை விற்றுவிட்டான். லாபத்துக்கு விற்றோம் என்று அவனுக்கு மகிழ்ச்சி. அவன்மீது குற்றம் இல்லை. "வாடிக்கைக்காரர்களுக்கு ஒதுக்காமல் விற்காதே" என்று அந்தக் கூட்டத்தில் யாருமே சொல்லவில்லை. வாடிக்கைக்காரர்களுக்கு யார் போன் செய்வது என்றும் பேசவில்லை. நான் கணக்கர் செய்வார் என்று நினைத்தேன். கணக்கர் நான் செய்வேன் என்று நினைத்திருந்தார்.

திங்கட்கிழமை, வாப்பாவின் பழைய நண்பர், உணவகம் நடத்தும் மாமா ஒருவர் நேரில் வந்தார்கள். இருபது வருட வாடிக்கை. கொடுப்பதற்குச் சரக்கு இல்லை. அவர்கள் கோபப்படவில்லை. "தம்பி, உங்க வாப்பா இருந்தப்போ இப்படி ஒண்ணுன்னா முதல் போன் எனக்குத்தான் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றும் பள்ளிவாசலில் பார்த்தால் சலாம் சொல்கிறார்கள், நலம் விசாரிக்கிறார்கள். ஆனால் சரக்கு பாதிதான் எடுக்கிறார்கள்.

அன்று மாலை, எங்கள் லாரி ஓட்டும் காக்கா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதில் 32 கடைகளின் பெயர். ஒவ்வொரு கடைக்கும் வாரத்துக்கு எத்தனை மூட்டை, எந்தக் கிழமையில் இறக்க வேண்டும் என்ற விவரம். வாப்பாவின் மனக்கணக்கு அப்படியே அதில் இருந்தது. "கூட்டத்துல ஏன் காக்கா சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலயே தம்பி" என்றார்.

சகோதரர்களே, கூட்டம் எதற்கு என்று அந்தப் பதிலில்தான் எனக்கு விளங்கியது. அவரவருக்குத் தெரிந்ததை வெளியே கொண்டுவந்து, அதை வைத்து ஒரு முடிவெடுத்து, அந்த வேலையை ஒருவர் கையில் ஒப்படைப்பதற்குத்தான் கூட்டம். முதலாளி தனக்குத் தெரிந்ததைச் சொல்ல மட்டும் கூட்டம் தேவையில்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

இதற்கு நாம் வெளியே போய் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. கலந்தாலோசனை என்ற பொருளுடைய 'அஷ்ஷூரா' என்பதையே பெயராகக் கொண்ட அத்தியாயம் நம் வேதத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 5இல் மதீனாவைப் படைகள் சூழவந்தபோது அகழ் தோண்டலாம் என்று யோசனை சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அரபு நாட்டுப் போர்முறையில் இல்லாத யோசனை அது. கேட்டதால்தான் கிடைத்தது. முடிவெடுத்த பிறகு, பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று தோண்டும் வேலை அளந்து பங்கிடப்பட்டதாக வரலாற்றில் கூறப்படுகிறது. யோசனை, முடிவு, வேலைப் பங்கீடு மூன்றும் அதில் இருக்கின்றன. எங்கள் கிடங்குக் கூட்டத்தில் மூன்றுமே இல்லை.

அதன் பிறகு நாங்கள் கடைப்பிடித்து வருபவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கூட்டம் தேவையா என்று பார்ப்பது. பதினொரு பேர் ஒரு மணி இருபது நிமிடம் உட்கார்ந்தால், ஏறக்குறைய 15 மணி நேர உழைப்பு செலவாகிறது. ஓர் ஆளுடைய இரண்டு நாள் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்கு ஈடான காரியம் இல்லையென்றால் கூட்டம் வேண்டாம்.

இரண்டாவது, கூட்டத்தின் நோக்கத்தைக் கேள்வியாக எழுதுவது. "வெங்காய நிலைமை" என்று எழுதினால் பேச்சு எங்கெங்கோ போகும். "இருக்கும் 400 மூட்டையை யார் யாருக்கு, எவ்வளவு கொடுப்பது?" என்று எழுதினால் பதில் கிடைத்தவுடன் எழுந்துவிடலாம்.

மூன்றாவது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. விவரம் தெரிந்தவர், முடிவெடுக்க வேண்டியவர், அதைச் செய்யப்போகிறவர் ஆகியோர் இருந்தால் போதும். மற்றவர்களுக்கு முடிவைத் தெரிவித்தால் போதும். ஆனால் விவரம் தெரிந்தவர் லாரி ஓட்டுகிறவராக இருந்தாலும் அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.

நான்காவது, முதலாளி கடைசியில் பேசுவது. நான் முதலில் கருத்துச் சொன்னால், மற்றவர்கள் "சரிங்க" என்று முடித்துவிடுகிறார்கள். நம்மவர்களிடம் மரியாதை அதிகம். அது நல்ல குணம்தான். ஆனால் கூட்டத்தில் அது வாயைக் கட்டிவிடும். ஆகவே வயதில் சிறியவரையும் அதிகம் பேசாதவரையும் பெயர் சொல்லி முதலில் கேட்கிறேன்.

ஐந்தாவது, நேரம். தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். தாமதமாக வருபவருக்காக முதலிலிருந்து மறுபடி சொல்வதில்லை.

ஆறாவது, எழுதி வைப்பது. நீண்ட குறிப்பு தேவையில்லை. என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று மூன்றே கட்டம். "நாம் செய்வோம்" என்று எழுதக்கூடாது. 'நாம்' என்று எழுதிய வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். ஒரு பெயர் இருக்க வேண்டும். அதை அன்றைக்கே எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலை, அந்தத் தாளைப் படித்து, முடிந்ததா இல்லையா என்று கேட்பது.

2024 மே 4ஆம் தேதி இந்தியா தடையை நீக்கியது. ஆனால் டன்னுக்குக் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை 550 அமெரிக்க டாலர், அதோடு 40 விழுக்காடு ஏற்றுமதி வரி. அந்தத் திங்கட்கிழமை கூடினோம். நான், கணக்கர், விற்பனைத் தம்பி, லாரிக் காக்கா என்று நான்கே பேர். இந்த விலையில் எத்தனை மூட்டை எடுப்பது என்பதே கேள்வி. காக்கா முதலில் பேசினார். 25 நிமிடத்தில் எழுந்துவிட்டோம். முதல் போன் அந்த உணவக மாமாவுக்கு. தாளில் அந்த வேலைக்கு நேராக என் பெயரைத்தான் எழுதியிருந்தோம்.

கடைசியாக, பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நம் சங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது ஆண்டுகள் இந்தச் சங்கத்தைத் தூக்கி நிறுத்திய பெரியவர்களிடம், என் வாப்பாவிடம் இருந்தது போலவே மனக்கணக்கு நிறைய இருக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை, எந்தக் காரியத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நம் செயலவைக் கூட்டம் இரவு பதினொரு மணி வரை போகிறது என்பதால், மறுநாள் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஒருமுறை வந்துவிட்டு மறுமுறை வருவதில்லை. வருபவர்களும் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

கூட்டத்தை இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். எங்களில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு வேலையை எங்கள் பெயரில் எழுதுங்கள். செய்யாவிட்டால் அடுத்த கூட்டத்தில் கண்டியுங்கள். நாங்களும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறோம். நீங்கள் இருக்கும்போதே அந்தக் கணக்கு எங்கள் கைக்கு வர வேண்டும்.

அல்லாஹ் நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக!