ஐந்தொகைக்கு உரை
(நங்கநல்லூரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் உபாத்தியாயருக்குச் சிமெண்டுக் கம்பெனியின் கணக்கில் என்ன வேலை என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். உரையை ஒதுக்கிவிட்டு மூலத்தை மாத்திரம் படித்துப் பொருள்கொள்ளப் புகுந்த மாணாக்கன் இடர்ப்படுவதை நாம் வகுப்பில் நாள்தோறும் காண்கிறோம். கம்பெனிக் கணக்கும் அத்தன்மையதே. ஐந்தொகையும் லாபநஷ்டக் கணக்கும் மூலம். அவற்றின்பின் வரும் குறிப்புகள் உரை.

தனி வீடு இடிபட்டு அடுக்கு வீடு எழாத தெரு நமது நங்கநல்லூரில் அரிது. ஆதலின் சிமெண்டு மூட்டையை அறியாத குடும்பம் இங்கில்லை. சிமெண்டுக் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருப்போரும் நம்மில் உளர். ஆண்டறிக்கை வந்தால் லாபம் எவ்வளவு, டிவிடெண்டு எவ்வளவு என்று இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு மூடிவைப்பதே பெரும்பாலோர் வழக்கம். பெண்ணின் கலியாணத்திற்கென்று சேர்த்த பணத்தை அவ்விரண்டு எண்களை மாத்திரம் நம்பி விடுவது தகுமா என்பதே இன்றைய கேள்வி.

லாபம் என்பது கல்லாப்பெட்டியில் எண்ணிப் பார்த்த தொகையன்று. கம்பெனியார் கைக்கொண்ட கணக்கு முறைகளின் வழியே வந்தடைந்த தொகை. முறை மாறினால் தொகையும் மாறும்.

நம் நாட்டுக் கம்பெனி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இராஜபாளையத்துப் பி. ஏ. ஸி. ராமசாமி ராஜா அவர்கள் 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியைத் தோற்றுவித்தார். விருதுநகர்ப் பக்கத்தில் அவர் பெயராலேயே வழங்கும் ராமசாமி ராஜா நகரில் அதன் முதல் ஆலை எழுந்தது. 2013 முதல் அக்கம்பெனி ராம்கோ சிமெண்ட்ஸ் என்னும் பெயர் பூண்டது. இத்தகைய ஆலையில் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்து, அரைத்து, சூளையிலிட்டுக் கிளிங்கர் என்னும் உருண்டைகளாக்கி, அவற்றை ஜிப்ஸத்தோடு அரைத்துச் சிமெண்டாக்குகின்றனர். இவ்வேலையின் ஒவ்வொரு படியிலும் கணக்கனுக்கு ஒரு கேள்வி எழும்.

முதலாவது, தேய்மானம். 1,000 கோடி ரூபாய் விலையுள்ள யந்திரம் ஒன்று 20 ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 50 கோடி செலவெழுத வேண்டும். 25 ஆண்டு என்று கொண்டாலோ 40 கோடி போதும். ஒரு மூட்டைகூட அதிகமாக விற்காமலே லாபம் 10 கோடி உயர்ந்து நிற்கும்! 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யந்திராதிகளின் ஆயுளை வகுத்துரைக்கிறது. அதினின்று விலகும் கம்பெனியார் அதற்குரிய நியாயத்தைக் கணக்கிலேயே வெளியிடக் கடமைப்பட்டவர்.

இரண்டாவது, சரக்கிருப்பு. மலைபோற் குவிந்த கிளிங்கரைத் தராசிலிட்டு நிறுக்க இயலுமா? குவியலின் கன அளவை அளந்து எடையைக் கணிக்கின்றனர். அதற்கு மதிப்பிடுங்கால் அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் குறைந்ததையே கொள்ளவேண்டும் என்பது விதி. இருப்பை மிகுத்துக் காட்டினால் அவ்வாண்டின் லாபமும் உடன் மிகும்.

மூன்றாவது, விற்பனை. விற்பனையாளருக்குக் கொடுக்கும் தள்ளுபடியைக் கழித்த பின்னரே விற்பனை வருமானத்தை எழுதவேண்டும் என்று 2018 ஏப்ரல் முதல் வந்த விதி வற்புறுத்துகிறது.

நான்காவதே மிக முக்கியமானது; அது வழக்கு. சிமெண்டுக் கம்பெனிகள் தம்முள் கூடி விலையை நிர்ணயித்தன என்று தீர்மானித்து, 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையத்தார் 11 கம்பெனிகளுக்கு 6,000 கோடிக்கு மேற்பட்ட அபராதம் விதித்தனர். மெட்ராஸ் சிமெண்ட்ஸின் பங்கு 258.63 கோடி. 2015-இல் மேல்முறையீட்டு நியாயசபை அவ்வுத்தரவைத் தள்ளி மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2016-இல் ஆணையம் மீண்டும் அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டில் அது உறுதியாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அபராதத்தில் பத்திலொரு பங்கைக் கட்டச் சொல்லிக் கம்பெனிகளின் முறையீட்டை ஏற்றது. இத்தகைய தொகையைக் கம்பெனியார் செலவாக எழுதினரா, அன்றி ‘நேரக்கூடிய பொறுப்பு’ என்று குறிப்பில் மாத்திரம் சொன்னரா? பணம் கட்ட நேருவது அநேகமாக இராது என்று நியாயமாகக் கருதினால் குறிப்பில் சொல்வதற்கு விதியே இடந்தருகிறது, அதிற் குற்றமில்லை. ஆயினும் லாபத்தை மாத்திரம் பார்ப்பவர் கண்ணுக்கு இவ்வழக்கு தென்படவே மாட்டாது. குறிப்பைப் படிப்பவரே அறிவர்.

முறைகளை வெளியிடல் வேண்டும் என்னும் கொள்கை நம் தேசத்திற்குப் புதிதன்று. பட்டயக் கணக்காளர் கழகத்தார் 1979-இல் வெளியிட்ட முதலாவது கணக்கு நியமமே அதைப் பற்றியதுதான். 2016 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் புதிய இந்தியக் கணக்கு நியமங்களுக்கு உட்பட்டன. 2023 ஏப்ரல் முதல், எல்லாருக்கும் பொதுவான வாசகங்களை அடுக்காமல், அக்கம்பெனியின் கணக்கை அறிதற்கு இன்றியமையாத முறைகளையே சொல்லவேண்டும் என்றும் விதி திருத்தப்பட்டது.

ஆதலின் அன்பர்களே! அறிக்கை கைக்கு வந்தால் நான்கு இடங்களைத் தேடுங்கள்: தேய்மான ஆயுள் சென்ற ஆண்டிலிருந்து மாறியதா? சரக்கிருப்பு விற்பனையைவிட விரைந்து பெருகியதா? நேரக்கூடிய பொறுப்பு எவ்வளவு? தணிக்கையாளர் எதைத் தனியே எடுத்துரைத்தார்? இந்நான்கிற்கும் ஆங்கிலம் வேண்டுமென்று அஞ்சவேண்டா. கல்லூரியிற் படிக்கும் பிள்ளைகளை அருகில் அமர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். குடும்பத்தின் பணம் எங்கே இருக்கிறது என்பதைத் தாய்மாரும் அப்போதே அறிந்துகொள்வர். வீட்டுக்குரியவர் மறைந்தபின் பங்குப் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் நிலை அவர்களுக்கு வரலாகாது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். பிறர் கணக்கை ஆராயும் நாம் நம் கணக்கையும் அவ்வாறே வைத்தல் அறம். கல்வி நிதிக்கு அன்பர் ஒருவர் வாக்களித்த தொகையை வரவாக எழுதுவது வாக்களித்த நாளிலா, பணம் கைக்கு வந்த நாளிலா? சங்கக் கட்டடத்திற்குத் தேய்மானம் உண்டா? இவற்றை நிர்வாக சபையார் அடுத்த ஆண்டறிக்கையின் முதற் பக்கத்திலேயே நான்கு வரிகளில் அச்சிடுவாராக. நம் பிள்ளைகள் படிப்பதற்கென்று கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் எவ்வாறு எண்ணப்பட்டது என்பதைக் கொடுத்தவர் அறிவது அவர்தம் உரிமை.