கண்ணுக்குள் வாயு இருக்கும்போது விமானம் ஏறலாமா?

ரெட்டினா ஆபரேஷன் முடிந்தவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றி இன்னைக்குப் பேசலாம்.

பேரணாம்பட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், ஆப்டோமெட்ரி படித்தவன். துபாயில் வேலை பார்க்கும் ஒரு பாய், லீவில் வந்தபோது ரெட்டினா விலகி, சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டார். பத்தாம் நாள் கடைக்கு வந்தார்.

"தம்பி, வலி போயிடுச்சு. வியாழக்கிழமை ஃப்ளைட். பவர் மட்டும் பார்த்துக் குடு."

"பாய், கண்ணுக்குக் கீழ ஏதாவது கோடு தெரியுதா?"

"ஆமா, தண்ணி தளும்புற மாதிரி. தலையை ஆட்டினா அதுவும் ஆடுது."

அதுதான் வாயு. விலகின ரெட்டினாவை அழுத்திப் பிடிக்க டாக்டர் உள்ளே விடுவது. உண்மையில் அது மேலேதான் மிதக்கும். பிம்பம் தலைகீழாக விழுவதால் நமக்குக் கீழே தெரியும்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான். 8,000 அடி அழுத்தத்தில் வாயு மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். பலூன் என்றால் உப்பும், கண் உப்பாதே! உள்ளே அழுத்தம் ஏறி, ரெட்டினாவுக்குப் போகும் ரத்தம் நின்றால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். நடுவானில் யார் என்ன செய்ய முடியும்?

டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தேன். பெர்ஃப்ளூரோபுரோப்பேன் என்று இருந்தது. அது கரைய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சல்பர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்றால் ஏறக்குறைய இரண்டு வாரம். சிலிகான் எண்ணெய் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, எண்ணெய் விரியாது. விமானம் ஏறக் கூடாது என்பதும் அந்தச் சீட்டில் இருந்தது, கடைசி வரியில், இங்கிலீஷில்.

"பெங்களூர்ல இருந்து போனா பரவாயில்லையா?" என்று கேட்டார். எந்த ஊரில் ஏறினாலும் கேபின் ஒன்றுதான். அதுவும் இங்கிருந்து பெங்களூருக்குப் பத்தலபல்லி மலைப்பாதை ஏறித்தான் போகணும். மலை ஏறினாலும் வாயு விரியும், அளவு மட்டும் குறைவு. ஊட்டிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: சர்ஜனிடம் கேட்காமல் போகாதீங்க.

கடையில் உட்கார்ந்தபடியே சர்ஜனுக்குப் போன் போட்டார். அவரும் வேண்டாம் என்றார். அடுத்த போன் கம்பெனிக்கு; அது நீண்ட நேரம் போச்சு.

வாரம் போகப் போக அந்தக் கோடு இறங்கி, கடைசியில் கோலிக்குண்டு மாதிரி ஆகி மறைந்தது. வாயு முழுசாகப் போயிடுச்சு என்று சர்ஜன் எழுதிக் கொடுத்த பிறகுதான் டிக்கெட் போட்டார். இரண்டு மாசச் சம்பளம் போச்சு. வேலை இருக்கு.